சர்க்கரை இறங்கிவிட்டது, நோய் இறங்கியதா?

டைப் 2 சர்க்கரை நோய் என்று புதிதாக ரிப்போர்ட் வந்தவர் இணையத்தில் தேட உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் லோ கார்ப் உணவுமுறையில் வந்து நிற்பார். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை தானாக இறங்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரத்திலேயே குளுக்கோமீட்டரில் வித்தியாசம் தெரிந்துவிடும். குழப்பமும் அந்த வேகத்திலிருந்துதான் தொடங்குகிறது. மீட்டரில் எண் இறங்குவது ஒரு வேலை. உடம்புக்குள் நோய் பின்வாங்குவது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். முதலாவது மட்டும் நடந்து, இரண்டாவது தொடங்காமலேயே இருக்கவும் கூடும். இதைப் புரிந்துகொண்டு ஆரம்பிப்பவருக்குப் பின்னால் வரும் ஏமாற்றங்கள் குறைவு.

முதலில் நோயை உறுதி செய்யும் எண்கள். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். தெளிவான அறிகுறிகள் இல்லாதவருக்கு இரண்டு சோதனை முடிவுகள் ஒத்துப்போனால்தான் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டுவார்கள். ஆகவே ஒரே ஒரு ரிப்போர்ட்டில் 6.6 என்று வந்திருந்தால், சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பே இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது. மாற்றிய பிறகு எடுத்தால், தொடக்கத்தில் எங்கே இருந்தோம் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் குளுக்கோஸ் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு. அந்தச் செல்கள் சுமார் 120 நாள் உயிரோடிருப்பதால் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரி சர்க்கரை ஏறத்தாழ 154. 9 சதவீதம் என்றால் 212. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகையில் இது கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்த இழப்பு ஏற்பட்டவருக்குக் குறைத்துக் காட்டலாம். மீட்டரில் வரும் எண்களும் எச்பிஏ1சியும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லையென்றால் ஹீமோகுளோபினையும் ஒரு முறை பார்ப்பது வழக்கம்.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒருவருக்கு மீட்டர் 100 என்று காட்டும்போது, அவருடைய மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் வெறும் 5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 200 காட்டினால் 10 கிராம். இப்போது தட்டைப் பார்ப்போம். வேகவைத்த அரிசி 200 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 55 கிராம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. நாக்குக்கு அது இனிப்பாகத் தெரியாது, ஆனால் குடலில் உடைந்தபின் ரத்தத்துக்குள் போவது குளுக்கோஸ்தான். ரத்தம் மொத்தமும் தாங்கிக்கொண்டிருப்பதைப்போல் பதினோரு மடங்கு, ஒரே வேளையில் உள்ளே வந்து கடந்து போக வேண்டியிருக்கிறது.

நோயில்லாத உடம்பில் இது சத்தமில்லாமல் நடக்கும். கணையம் உடனே இன்சுலினைச் சுரக்கும், தசையும் கல்லீரலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், மீட்டரில் 140ஐத் தாண்டுவதே அரிது. டைப் 2 வந்தவருக்கு இரண்டு இடத்தில் பழுது. தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையமும் தேவையான நேரத்தில் தேவையான அளவு சுரப்பதில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் வரவு குறைகிறது. பழுதான இயந்திரத்துக்கு வேலை குறைகிறது. சாப்பிட்ட பின் வரும் எண் அன்றைக்கே இறங்குவது இதனால்தான்.

இந்த இடத்தில் முழுதானியம் பற்றி ஒரு வார்த்தை. தீட்டிய தானியத்தை விட்டுவிட்டுத் தீட்டாததற்கு மாறினால் சர்க்கரை பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புபவர்கள் நிறைய. நார்ச்சத்து கூடுவதால் ஏற்றம் கொஞ்சம் மெதுவாகும், குடலுக்கும் நல்லது. ஆனால் எந்தத் தானியத்தை எடுத்தாலும் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 65 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்துதான். பெயரை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் விட்டால், அடுத்த எச்பிஏ1சியில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இரவெல்லாம் வேலை செய்யும் கல்லீரல்

லோ கார்ப் ஆரம்பித்தவர்கள் அதிகம் புலம்புவது ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: "சாப்பிட்ட பின் 130தான் வருகிறது, காலையில் வெறும் வயிற்றில் 150 வருகிறதே, இது எப்படி?" இரவு எட்டு மணிக்கு முட்டையும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலை ஆறு மணிக்கு வரும் 150, முந்தின நாள் தட்டிலிருந்து வந்ததல்ல. கல்லீரல் தயாரித்து அனுப்பியது.

கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். அதை உடைத்தும், புரதத்திலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் புதிதாகச் செய்தும், சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அது குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும்போது இந்த உற்பத்தியும் கூடும். இன்சுலின் வந்து "போதும்" என்று சொன்னதும் நிறுத்திக்கொள்வதுதான் ஆரோக்கியமான கல்லீரலின் குணம். கொழுப்பு படிந்த கல்லீரல் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே சாப்பிட்ட பின் வரும் எண் பெரும்பாலும் தட்டைப் பற்றிச் சொல்கிறது. காலை எண் பெரும்பாலும் கல்லீரலைப் பற்றிச் சொல்கிறது. தட்டை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கல்லீரலுக்குச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும்.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் இந்தக் கல்லீரல் கொழுப்பைத்தான் பிடித்துக்கொண்டார். 2011இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 11 பேர்தான். எட்டு வாரம், ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி. முதல் ஏழு நாளிலேயே கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கணையத்தின் இன்சுலின் சுரப்பு எட்டு வாரத்தில் படிப்படியாக மேம்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் டைப் 2 என்றால் ஒருவழிப் பாதை என்ற எண்ணத்தை அது அசைத்தது.

அடுத்து வந்தது டைரக்ட் ஆய்வு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் 306 பேர். எல்லாரும் நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினமும் 825 முதல் 853 கலோரி கொண்ட பான உணவு மட்டும் கொடுத்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குக் கொண்டுவந்தார்கள். 2017இல் வெளியான முதல் வருட முடிவில், அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த மறுபாதியில் 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம்.

லோ கார்ப் ஆதரவாளர்கள் இந்த ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்தப் பான உணவின் கலோரியில் ஏறத்தாழ 59 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வந்தது. அதாவது விகிதத்தில் பார்த்தால் அது லோ கார்பே கிடையாது. நோய் பின்வாங்கியதற்குக் காரணம் எடை இறங்கி, கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு கரைந்தது.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைப்பது வீண் வேலையா என்றால், இல்லை. டென்மார்க்கில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில் எடை மாறாமல் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினார்கள். எச்பிஏ1சியும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தன. மாவுச்சத்துக் குறைப்புக்கென்று தனிப்பட்ட பலன் உண்டு. ஆனால் அதன் பெரிய பலம் வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. புரதமும் காய்கறியும் தட்டில் கூடி, மாவுப் பொருள் குறையும்போது பலருக்குப் பசி அடங்கிவிடுகிறது. கலோரி எண்ணாமலே சாப்பாடு குறைகிறது, எடை இறங்குகிறது. தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெண்ணெய், பாலாடைக்கட்டி, வறுத்த கொட்டை என்று நிரப்புபவருக்கு இது நடக்காது. அவருக்குச் சாப்பிட்ட பின் வரும் எண் அழகாக இருக்கும், காலை எண் மட்டும் அசையாது.

புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை

மாவுச்சத்தைக் குறைக்கும் சிகிச்சை இன்சுலினைவிட மூத்தது. 1797இலேயே ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், பெரும்பாலும் இறைச்சியும் கொழுப்பும் கொண்ட உணவைச் சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்து முன்னேற்றம் கண்டதை எழுதினார். 1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு உணவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பட்டினி கிடந்த நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதை அப்போலினேர் பூஷார்தா கவனித்தார். 1921இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உணவுக் கட்டுப்பாடு தளர்ந்தது. பிற்பாடு கொழுப்பு மேல் வந்த பயத்தில், சர்க்கரை நோயாளியையும் மாவுச்சத்தை நிறையச் சாப்பிடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் உணவு அறிக்கை, ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிகச் சான்று இருக்கிறது என்று எழுதியது. எல்லாருக்கும் ஒரே அளவு என்று அது சொல்லவில்லை.

2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 23 ஆய்வுகளை, 1,357 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தவர்கள், லோ கார்ப் குழுவில் 57 சதவீதம், மற்றக் குழுவில் 31 சதவீதம். மருந்து எதுவும் எடுக்காமல் அந்த அளவுக்கு வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் பலன் மேலும் குறைகிறது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: ஆறு மாதத்துக்குப் பிறகு பலரும் மெல்ல மெல்லப் பழைய தட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் சௌத்போர்ட்டில் டேவிட் அன்வின் என்ற குடும்ப மருத்துவர் தன் மருத்துவமனைக்கு வருபவர்களிடம் வருடக்கணக்காக இந்த முறையைச் செய்து பதிவு வைத்திருக்கிறார். 2023இல் வெளியிட்ட கணக்கில், இதைத் தேர்ந்தெடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மருந்தில்லாத நிலைக்கு வந்திருந்தார்கள். நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களில் அது 77 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத பதிவு இது. விருப்பமுள்ளவர்கள் தாமாக வந்து சேர்ந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தவருக்குப் பலன் அதிகம் என்ற போக்கு மற்ற ஆய்வுகளிலும் தெரிகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஆரம்ப வருடங்களில் சோர்ந்துதான் இருக்கும், பல வருடம் ஓடிய பிறகு மீட்கக் கூடிய அளவு குறைந்துவிடும்.

சமையலறைக்கு வருவோம்

எவ்வளவு சாப்பிட்டால் லோ கார்ப்? பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் லோ கார்ப், 50 கிராமுக்குக் கீழே என்றால் மிகக் குறைந்த அளவு, அதாவது கீட்டோ வகை. நோய் தெரிந்த மறுநாளே 20 கிராமுக்குப் பாய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் பாய்ந்தவர்கள் சீக்கிரம் திரும்பி வருவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பான வடிவில் போகும் சர்க்கரையை முதலில் நிறுத்துவது, பழச்சாறு உட்பட. அப்புறம் ஒவ்வொரு வேளையும் தானியத்தையும் கிழங்கையும் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறி வைப்பது. அதற்குப் பிறகு மீட்டர் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து இன்னும் குறைப்பது.

அளவுகள் சில கையில் இருந்தால் போதும். சாதாரணமாக வெட்டிய ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15 கிராம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 17 முதல் 20. நடுத்தர வாழைப்பழத்தில் 25க்கு மேல். 200 மில்லி பாலில் 10. முட்டையில் ஒரு கிராமுக்கும் கீழே. மீனிலும் கோழியிலும் இல்லையென்றே சொல்லலாம். கீரையும் பச்சைக் காய்கறிகளும் எண்ண வேண்டாத அளவு. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு வகையில் கவனமாக இருக்க வேண்டும். வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் கிடைக்கும்போது 20 கிராம் மாவுச்சத்தும் சேர்ந்தே வருகிறது. அதில் எட்டு கிராம் அளவுக்கு நார்ச்சத்து என்பதால் தானியத்தைப்போல் வேகமாக ஏற்றாது. ஆனாலும் தானியமும் பருப்பும் ஒரே தட்டில் முழு அளவில் இருந்தால் கணக்கு இடித்துவிடும்.

சாப்பிடும் வரிசையும் வேலை செய்கிறது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுப் பொருளைக் கடைசியில் சாப்பிட்டால், அதே தட்டிலேயே ஏற்றம் குறைவாக இருப்பதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

எந்த உணவு நமக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்க ஜோடியாகச் சோதிக்க வேண்டும். சாப்பிட உட்காரும்போது ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. 118 ஆக இருந்தது 145 ஆனால் அந்தத் தட்டு பரவாயில்லை. 118 ஆக இருந்தது 205 ஆனால் அதே உணவைப் பாதி அளவில் இன்னொரு நாள் சோதித்துப் பார்க்கலாம். பின்னால் எடுத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உணவைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொரு சங்கதி, கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே மீட்டரில் எண்ணைக் கணிசமாக ஏற்றிவிடும். 100க்கு மேல் உள்ள அளவில் 15 சதவீதம் வரை பிசகினாலும் அந்த மீட்டர் சர்வதேசத் தர அளவுக்கு உட்பட்டதுதான். நேற்று 132, இன்று 140 என்று கவலைப்பட அதில் ஒன்றுமில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் நிதானிக்க வேண்டிய இடம்

லோ கார்ப் பற்றிய உற்சாகப் பேச்சுகளில் அடிபட்டுப் போவது இந்தப் பகுதிதான். உணவு இவ்வளவு வேகமாகச் சர்க்கரையை இறக்குகிறது என்றால், பழைய உணவுக்கு என்று எழுதிக்கொடுத்த மாத்திரையின் அளவு புதிய உணவுக்குப் பொருந்தாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இதில் பெரிய ஆபத்து இல்லை; அது தனியாக லோ சுகரை உண்டாக்குவது அரிது. கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளைபென்கிளமைடு போன்றவை வேறு வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். தட்டில் மாவுச்சத்து பாதியாகி மாத்திரை முழுதாக இருந்தால், பிற்பகலில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டும். இன்சுலின் போடுபவருக்கும் அப்படியே. இவர்கள் உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லோ சுகர் வந்தபின் பேசுவது தாமதம். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். லோ கார்ப் விரதம் என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

இன்னொரு வகை மாத்திரை இன்னும் நுட்பமானது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீரகத்தின் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர வாய்ப்புண்டு. சாதாரணமாக இந்தக் கீட்டோஅசிடோசிஸ் நிலையில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும். இங்கே அது 180, 200 என்று சாதுவாக இருக்கும்போதே வந்துவிடும். மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதன் ஆபத்து. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி என்று வந்தால் மருத்துவமனைக்குப் போய், எடுக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோனைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அதே சமயம் இந்த மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை, சிலருக்கு அந்தக் காரணத்துக்காகவே எழுதப்பட்டிருக்கும். ஆகவே தாமாக நிறுத்துவதும் சரியில்லை. கீட்டோ அளவுக்குப் போக வேண்டுமா, இந்த மாத்திரை தொடர வேண்டுமா என்பது மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

ரத்த அழுத்த மாத்திரையும் இந்தப் பட்டியலில் உண்டு. மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறைந்து, சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். சேமிப்பில் இருந்த கிளைக்கோஜனோடு சேர்ந்திருந்த நீரும் போகும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி இந்த நீர்தான். அந்த நாட்களில் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் வரலாம். நிறையத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர் உப்பைக் கூட்டுவதற்கு முன் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவு கூடுதலாகிவிட்டதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கண் மங்குவது பலரையும் பயமுறுத்தும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண் வில்லையின் நீர் அளவு மாறி, பார்வை சில வாரம் தடுமாறும். இந்த நேரத்தில் ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி செய்துகொண்டால் அது சீக்கிரமே பொருந்தாமல் போகும். ஆனால் விழித்திரை விஷயம் வேறு. எச்பிஏ1சி 10, 11 என்று இருந்து சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்பு உள்ள விழித்திரை தற்காலிகமாக மோசமாகலாம். டைப் 2 தெரிய வந்த உடனே கண்ணின் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். நோய் தெரிவதற்குச் சில வருடம் முன்பே அது தொடங்கியிருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

சிலருக்கு இந்த வழியே பொருந்தாது. கர்ப்பிணிகள், பட்டினி கிடப்பது, அளவின்றிச் சாப்பிடுவது போன்ற உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் தனியாக முயன்று பார்க்கக் கூடாது. ஒல்லியான உடல்வாகு, எடை தானாக இறங்குவது, கடும் தாகம், அடிக்கடி சிறுநீர் என்று வந்தவருக்கு டைப் 2 என்று எழுதியிருந்தாலும் ஒரு சந்தேகம் வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களைத் தாக்குவதால் பெரியவர்களுக்கு மெதுவாக வரும் தன்னெதிர்ப்பு நீரிழிவு ஆரம்பத்தில் டைப் 2 மாதிரியே இருக்கும். காட் ஆன்டிபாடி (GAD) என்ற ரத்தச் சோதனை அதைப் பிரித்துக் காட்டும். இவர்களுக்கும் லோ கார்ப், மீட்டரில் வரும் எண்களை அழகாக்கிவிடும். அந்த அழகுக்குப் பின்னால் இன்சுலின் சுரப்பு ஓய்ந்துகொண்டே போவது தெரியாமல் போகலாம்.

மூன்றாவது மாதம்

மூன்று மாதத்தில் எச்பிஏ1சியோடு கொழுப்பு அளவையும் எடுக்க வேண்டும். லோ கார்ப் உணவில் ட்ரைகிளிசரைடு பொதுவாக நன்றாக இறங்கும். எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் பலருக்கு மாறாது, சிலருக்குத் தெளிவாக ஏறும். ஏறினால் "லோ கார்பில் அது அப்படித்தான்" என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்க்கரை நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் இதயநோய்தான். வெண்ணெய், கொழுப்பு இறைச்சி போன்றவற்றைக் குறைத்து, மீன், கொட்டைகள், திரவ எண்ணெய்கள் பக்கம் போய் மறுபடி பார்க்கலாம். தேவையென்றால் மருந்தும் எடுக்கலாம்.

கூடவே இடுப்புச் சுற்றளவையும் காலை எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் கேட்ட கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும். எச்பிஏ1சி 8.4இலிருந்து 6.3க்கு வந்து, இடுப்பும் இறங்கி, காலை எண் 105 பக்கம் வந்திருந்தால் கல்லீரல் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எச்பிஏ1சி இறங்கியும் எடை அப்படியே, காலை எண்ணும் அப்படியே என்றால், வரவு குறைந்திருக்கிறது, பழுது இருக்கிறது. அதுவும் லாபம்தான், ரத்தக் குழாய்களுக்கு உயர்ந்த சர்க்கரையிலிருந்து ஓய்வு. ஆனால் பழைய தட்டுக்குத் திரும்பினால் பழைய எண்ணும் வந்து நிற்கும்.

குணமாகிவிட்டதா என்று பார்க்கக் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் சோதிப்பவர்கள் ஒரு பொறியில் விழுவார்கள். பல வாரம் மாவுச்சத்தைத் தொடாத உடம்பு, திடீரென்று வரும் 75 கிராம் குளுக்கோஸுக்குத் தயாராக இருக்காது. தசைகள் கொழுப்பை எரித்துப் பழகியிருக்கும், இன்சுலினும் தாமதமாகவே வரும். நோயில்லாதவருக்குக்கூட அன்றைக்கு எண் எகிறலாம். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முன் குறைந்தது மூன்று நாள், தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவ்வப்போது ஒருநாள் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுவிட்டு மீட்டரைப் பார்த்து அலறுபவர்களுக்கும் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மருந்தில்லாமல் நோய் அடங்கியிருப்பதை ரெமிஷன் என்று எப்போது சொல்லலாம் என்று 2021இல் சர்வதேச நிபுணர் குழு ஓர் அளவு வகுத்தது. சர்க்கரை மருந்துகளை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு 6.1 என்றால் நல்ல கட்டுப்பாடு, ரெமிஷன் ஆகாது. ரெமிஷனுக்கு வந்தவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி பார்க்க வேண்டும். டைரக்ட் ஆய்விலேயே முதல் வருடம் 46 சதவீதமாக இருந்தது இரண்டாம் வருடம் 36 சதவீதமாகிவிட்டது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. விழித்திரை, பாதம், சிறுநீரில் ஆல்புமின், சிறுநீரகச் செயல்பாடு ஆகிய சோதனைகளும் வழக்கம்போலத் தொடர வேண்டும். சர்க்கரை உயர்ந்திருந்த வருடங்களில் நேர்ந்த சேதம், எண் இயல்பான பிறகும் வெளியே தெரிய வரலாம்.